யும்புலாகாங் அரண்மனைக்குச் சம்பந்தியோடு போனது

போன வருஷம், 2009 மே மாதக் கடைசியில், திபெத்துக்குப் போய்வந்தேன். யாங்கோனில் நம் தமிழ் ஆட்கள் காசிக்கும் கயாவுக்கும் போவார்கள், கொஞ்சம் வசதி இருந்தால் சிங்கப்பூர் போவார்கள். திபெத் என்றதும் "அங்கே என்ன இருக்கு?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன். போக நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும்.

உண்மையில் போயிருக்கவேண்டியவள் என் மருமகள் சூ சூ. சூலே பகோடா பக்கம் ஒரு பயண அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அந்த அலுவலகச் சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு படம் இருந்தது. மொட்டை மலையின் உச்சியில் ஒட்டிக்கொண்டாற்போல் ஒரு சின்ன வெள்ளை அரண்மனை. சூ சூவின் அம்மா டோ மியா ஒருநாள் மகளைப் பார்க்க வந்தபோது அதைப் பார்த்து, இது எந்த ஊர் என்று கேட்டாராம். யும்புலாகாங், திபெத்தின் முதல் அரண்மனை, கட்டி இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது என்கிறார்கள், இப்போது பௌத்த மடம் என்று மகள் சொன்னாள். அன்று பிடித்தது அவருக்கு ஆசை. மாவ்பியில் நெல் விவசாயம் செய்கிற, அதுவரை மாந்தலேயைத் தாண்டாத அந்த அம்மா, அங்கே போயே தீரவேண்டும் என்று நின்றார்.

அலுவலகத்தில் முதல்முறையாகத் திபெத்துக்கு ஒரு குழு கிளம்பியபோது அம்மாவும் மகளும் பெயர் கொடுத்தார்கள். பிறகு சூ சூ உண்டாகியிருப்பது தெரிந்தது. அந்த உயரத்துக்கு இப்போது போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மகன் குமார் என்னிடம் வந்து நின்றான்.

"அம்மா, நீங்க போங்கம்மா. அவங்க அம்மா தனியாப் போனா சூ சூ இங்கே தூங்கவே மாட்டா."

ஊர் சுற்றுவதென்றால் எனக்குக் கசக்காது. ஆனாலும் யோசித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் குமாரும் சூ சூவும் கல்யாணம் செய்துகொண்டதில் டோ மியாவுக்கு விருப்பமில்லை. கல்யாண மண்டபத்துக்கு வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார். பொத்தடவுங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அதன்பிறகு ஒருமுறைகூட வந்ததில்லை. நான் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பதால் என்னைச் 'சயாமா' என்று கூப்பிடுவார். டீச்சரம்மா என்று அர்த்தம். மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் அந்த மரியாதையைத் தாண்டி ஒரு வார்த்தை வராது. அப்படிப்பட்டவரோடு ஒரே அறையில் எட்டு நாள். சரி, பிள்ளைத்தாய்ச்சி நிம்மதியாக இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டேன்.

இனி பயண விவரம். திபெத்துக்குத் தனியாகப் போக முடியாது. சீன விசாவோடு திபெத்துக்கென்று தனி அனுமதிச் சீட்டும் வேண்டும், அதைக் குழுவாக, வழிகாட்டியோடு போகிறவர்களுக்குத்தான் கொடுக்கிறார்கள். விமானம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஆயிரத்து முந்நூறு டாலருக்குச் சற்று மேலே ஆயிற்று. யாங்கோனிலிருந்து குன்மிங்குக்கு இரண்டு மணி நேரம். அப்போது பன்றிக் காய்ச்சல் பயம் இருந்ததால், முகமூடி போட்டவர்கள் ஒவ்வொருவர் நெற்றியிலும் கருவியை நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்கள். ஒரு ராத்திரி குன்மிங்கில். மறுநாள் காலை லாசா விமானம். ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். கீழே பனிமலைகள் வரிசைவரிசையாக வருகின்றன. டோ மியா மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு வந்தார்.

விமான நிலையம் இருக்கும் இடத்தின் பெயர் கோங்கர். அங்கிருந்து லாசா ஒரு திசை, அரண்மனை இருக்கும் செதாங் எதிர்த்திசை. எங்கள் வழிகாட்டி தாஷி, நன்றாக ஆங்கிலம் பேசும் திபெத்திய இளைஞர், முதலில் செதாங்குக்கே அழைத்துப்போனார். லாசாவைவிடச் செதாங் கொஞ்சம் தாழ்வு, உடம்பு பழக அது நல்லது என்றார். பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழிநெடுகப் பிரம்மபுத்திரா கூடவே வருகிறது. அகன்று, மணல்திட்டுகளோடு, நம் ஐராவதியைக் கோடையில் பார்ப்பதுபோல இருந்தது.

அந்தப் பஸ்ஸில் ஒன்று நடந்தது. குழுவில் பன்னிரண்டு பேர், என்னைத் தவிர எல்லோரும் பர்மியர். முன் இருக்கையில் இருந்த, யாங்கோன் இன்சீன் பகுதி அம்மா ஒருவர் திரும்பி, எனக்குப் பர்மியம் தெரியாது என்று நினைத்தோ என்னவோ, டோ மியாவிடம் என்னைக் காட்டி, கூட வந்திருக்கிற இந்த இந்தியாக்காரி யார் என்று கேட்டார். இந்தியர்களை இளக்காரமாகச் சொல்லப் பர்மியர்கள் வைத்திருக்கும் அந்தச் சொல்லால்தான் கேட்டார். டோ மியா, "மகளுக்குத் தெரிஞ்சவங்க" என்றார்.

நான் ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறோம், எவ்வளவோ கேட்ட காதுதான். அந்தச் சொல்கூட உறைக்கவில்லை. 'தெரிஞ்சவங்க' என்றதுதான் உறைத்தது.

செதாங் ஹோட்டலில் இறங்கியதும் தாஷி சொன்ன முதல் எச்சரிக்கை, இன்று யாரும் குளிக்கக்கூடாது, தலைக்கு ஊற்றவே கூடாது என்பது. மறுநாள் புண்ணிய இடத்துக்குப் போகிறோம், குளிக்காமல் எப்படிப் போவது? நான் வெந்நீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். பலன், விடிந்தபோது மண்டைக்குள் யாரோ உரலில் இடிப்பதுபோல இருந்தது. எழுந்து நின்றால் குமட்டியது, இரண்டுமுறை வாந்தி எடுத்தேன். நாலு வெளிநாடு பார்த்தவள் என்ற தைரியத்தில் கிளம்பியவள் நான். பாஸ்போர்ட்டையே முதல்முறையாகக் கையில் வாங்கிய டோ மியா, சந்தனம்போல அரைத்த தனாக்காப் பட்டையைக் கன்னத்தில் பூசிக்கொண்டு கல்லுக்குண்டு மாதிரி நின்றார்.

அன்றுதான் குழு யும்புலாகாங்குக்குப் போகும் நாள். அவரைப் போகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிப் படுத்துவிட்டேன். வெளியே நடையில், யாங்கோனிலிருந்து எங்களைக் கூட்டிவந்த கோ வின் அவரிடம் பேசுவது காதில் விழுந்தது. வண்டி காத்திருக்கிறது, ஹோட்டல்காரர்கள் நோயாளியைப் பார்த்துக்கொள்வார்கள், நாளைக் காலை லாசாவுக்குக் கிளம்பிவிடுவோம், பிறகு இந்த இடம் கிடைக்காது என்று நியாயமாகத்தான் சொன்னார்.

"நீங்க அந்த அரண்மனைக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தீங்க. அவங்க உங்களுக்குச் சொந்தமா என்ன?"

"சொந்தம்தான்" என்றார் டோ மியா. "என் கமீ கமெ. என் பொண்ணு அவங்க வீட்டுலதான் சாப்பிடுது. விட்டுட்டு எப்படிப் போறது?"

கமீ கமெ என்றால் பர்மியத்தில் சம்பந்தி. தமிழைப் போலவே அவர்களுக்கும் அதற்கென்று ஒரு சொல் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் அதை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். எல்லோரும் கூடியிருந்த நடையில், உரக்கச் சொன்னார். இன்சீன் அம்மாவும் அங்கேதான் நின்றிருக்கவேண்டும். பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு டோ மியா உள்ளே வந்தார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பேசாமல் படுங்கள் என்று கையைக் காட்டிவிட்டுக் கீழே போனார். அவருக்குச் சீனமும் தெரியாது, திபெத்தியமும் தெரியாது. எப்படிக் கேட்டாரோ, ஹோட்டல் சமையல்கட்டுக்குள்ளேயே புகுந்து, இஞ்சி தட்டிப்போட்டுத் தானே கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார். ஹோட்டலில் பிராணவாயு அடைத்த சின்ன டப்பா விற்கிறார்கள், முப்பது யுவான். அதையும் ஒன்று வாங்கி மூக்கில் பிடித்தார். மத்தியானத்துக்குள் தலைவலி குறையாவிட்டால் ஆஸ்பத்திரி என்று தாஷி சொல்லிவிட்டுப் போயிருந்தார். கஞ்சி உள்ளே நின்றது. பத்து மணி வாக்கில் இடி கொஞ்சம் குறைந்தது.

பேச ஆரம்பித்தது அவர்தான். என் முகத்தைப் பார்க்காமல், கஞ்சிக் கிண்ணத்தைத் துடைத்தபடி கேட்டார்.

"சூ சூ இளைச்சுப் போயிருக்கா. மசக்கைதானா, இல்லே அவளுக்குப் பிடிச்சதைச் சமைக்க முடியலையா?"

எனக்குப் புரிந்துவிட்டது. ஙப்பியைத்தான் கேட்கிறார். மீனைப் புளிக்கவைத்து அரைத்த விழுது, அது இல்லாமல் பர்மியர்களுக்குச் சோறு இறங்காது. இந்து வீட்டில் மகளுக்கு அது மறுக்கப்படுகிறது என்று இரண்டு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்திருக்கிறார். நான் உள்ளதைச் சொன்னேன். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை சூ சூ மிளகாய் போட்டு ஙப்பி வறுப்பாள். முதல் மாசம் என் வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். இப்போது ஒரு ஞாயிறு தவறினால் ஏன் வறுக்கவில்லை என்று அவர்தான் கேட்கிறார். டோ மியா வெற்றிலைக் கறை படிந்த பல்லைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தார். இந்தம்மா சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு மற்றதும் வந்தது. தன் பயம் சாப்பாட்டைப் பற்றியது மட்டுமில்லை என்றார். பிறக்கப்போகும் பிள்ளை எங்கள் நிறத்தில் பிறந்தால் பள்ளிக்கூடத்தில் அதை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. நேற்று பஸ்ஸிலேயே கேட்டோமே.

"என்னையும் அப்படித்தான் கூப்பிட்டாங்க" என்றேன். "அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குத்தான் இன்னைக்கு நான் கணக்குச் சொல்லிக்குடுக்கிறேன்."

அவர் என் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

மாலையில் திரும்பிய குழு அரண்மனையைப் பற்றியே பேசியது. டோ மியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நல்லது நல்லது என்று தலையாட்டினார். எனக்குத்தான் மனசு பொறுக்கவில்லை. நான் எழுந்து நடமாடுவதைப் பார்த்ததும் தாஷியிடம் கேட்டேன். பஸ் பத்து மணிக்குத்தான் கிளம்பும், அதற்குள் நாமே போய்வர முடியுமா? அவர் யார்யாருக்கோ போன் செய்தார். மடத்தில் சீக்கிரம் திறந்துவிடச் சொல்லியாயிற்று, வாடகைக் காருக்குப் போய்வர நூறு யுவான் என்றார். டோ மியாவிடம் சொன்னேன். உங்களால் முடியுமா என்று மட்டும் கேட்டார்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். அங்கும் பெய்ஜிங் நேரம்தான், அதனால் ஏழு மணிக்கும் வெளிச்சம் சரியாக வரவில்லை. செதாங்கிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம், தெற்கே யார்லுங் பள்ளத்தாக்குக்குள் போகிறது பாதை. ஒரு வளைவில் தாஷி காரை நிறுத்தச் சொன்னார். காலண்டரில் இருந்த அதே படம் எதிரே நின்றது. ஒரு பொட்டுப் புல் இல்லாத மலை, அதன் முனையில் வெள்ளைச் சுவர்கள், நடுவில் ஒடுங்கி உயர்ந்த கோபுரம், மேலே பொன்னிறக் கூரை. மலை, பெண்மானின் பின்னங்காலைப் போல இருக்கிறது என்றும் அதிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது என்றும் தாஷி சொன்னார். அரண்மனை என்றால் நம் மனசில் வருகிற பிரம்மாண்டம் எதுவும் இல்லை. மாவ்பியில் ஒரு பெரிய நெல் மில் இதைவிடப் பெரிது. ஆனால் அந்த முனையில், அந்தக் காற்றில், மலையே முளைவிட்டாற்போல் அது நிற்பதைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. டோ மியா கார் ஜன்னல் வழியாகவே கைகூப்பிவிட்டார்.

அடிவாரத்தில் சலங்கை கட்டிய குதிரைகள் வாடகைக்கு நிற்கின்றன. மேலே போக முப்பது யுவான். கடிவாளத்தைப் பிடித்து நடத்துவது உள்ளூர்ப் பெண்கள். உடம்பு சரியில்லாத நான் குதிரையில்தான் வரவேண்டும் என்று தாஷி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டோ மியா ஏறவில்லை. புண்ணியத்துக்குப் போகும்போது ஒரு வாயில்லா ஜீவன் முதுகில் ஏறிப் போவதாவது என்று நடக்க ஆரம்பித்தார். வயல் வரப்பில் நடந்து பழகிய கால்தான், ஆனாலும் மூன்றாவது திருப்பத்தில் மூச்சு வாங்கியது. உதடு லேசாக நீலம் பாய்ந்ததைக் கண்டு பயந்துபோனேன். குதிரையை நிறுத்தி இறங்கினேன். தாஷி தடுத்தார். இனி இரண்டு பேரும் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து வருகிறோம், முடியாவிட்டால் இறங்கிவிடுகிறோம் என்றேன். அப்படியே செய்தோம். பிராணவாயு டப்பாவை மாற்றிமாற்றி மூக்கில் வைத்துக்கொண்டோம். குதிரைக்காரப் பெண் எங்களுக்கு முன்னால் வெறும் குதிரையை நடத்திக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

உச்சியில் எங்களைத் தவிர ஒரே ஒரு குடும்பம். உள்ளே நுழைந்ததும் நெய் விளக்குகளின் வாசனை. கீழ்த்தளத்தில் புத்தர், அவருக்கு இரு பக்கமும் திபெத்தின் பழைய ராஜாக்கள் சிலைகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் ராஜா வானத்திலிருந்து இறங்கி வந்தவர் என்று நம்பி, மேய்ப்பர்கள் அவரைத் தோளில் தூக்கிவந்த கதை சுவரில் ஓவியமாக இருக்கிறது. நீலமும் சிவப்பும் விளக்குப் புகைக்குள் மின்னுகின்றன. டோ மியா மூன்றுமுறை விழுந்து வணங்கினார். எழுந்ததும் என் காதில், புத்தருக்குப் பக்கத்தில் ராஜாக்களுக்கு என்ன வேலை என்று கேட்டார். எங்கள் கோயிலில் அறுபத்துமூவர் வரிசையில் ராஜாக்களும் நிற்கிறார்கள் என்றேன். கொஞ்சம் யோசித்து, நம் பகோடாவில் 'நாட்' என்கிற காவல் தேவதைகள் இல்லையா என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ராஜாக்கள் காலத்துக்குப் பின், முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால் இது மடமானது என்றார் தாஷி. இப்போது நாம் பார்ப்பது எண்பதுகளில் திரும்பக் கட்டியது. ஏன் திரும்பக் கட்டவேண்டி வந்தது என்பதை அவர் சொல்லவில்லை. நாங்கள் யாங்கோன்காரர்கள், எதைக் கேட்கக்கூடாது என்று தெரியும், கேட்கவில்லை.

மேல்தளத்துக்கு ஏணிபோலச் செங்குத்தான படி. அங்கே இருந்த பிக்கு எங்களுக்கு ஆளுக்கொரு கோப்பை வெண்ணெய்த் தேநீர் கொடுத்தார். உப்புக் கரிக்கும், ஒரே மடக்கில் குடித்துவிடுவது நல்லது. இந்தக் கூரையில்தான், ஒரு ராஜா காலத்தில், வானத்திலிருந்து பௌத்த நூல் ஒன்று விழுந்ததாக ஐதீகம் என்று அவர் சொன்னதைத் தாஷி ஆங்கிலத்தில் சொல்ல, நான் பர்மியத்தில் சொன்னேன். அந்த ராஜாவுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை. ஐந்து தலைமுறை கழித்து ஒருவன் படிப்பான் என்று ராஜா கனவில் கேட்டு, அதுவரை பத்திரமாக வைத்துப் பூஜித்தார்களாம்.

வெளியே சுவரோரம் வெயிலில் உட்கார்ந்தோம். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சையும் மண்நிறமுமாகக் கட்டம்கட்டமாய் வயல். பின்னால் மேட்டில் ஆயிரக்கணக்கில் பிரார்த்தனைக் கொடிகள் படபடத்தன. டோ மியா வயலைப் பார்த்தபடியே, "குமாருக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?" என்றார்.

பேசுவான், படிக்கத் தெரியாது என்றேன். என் வீட்டு அலமாரியில் இருக்கும் புத்தகங்களை எனக்குப் பிறகு தொட ஆளில்லை. அந்தக் குறை எனக்கு உண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை.

"பொறக்கப்போற பிள்ளைக்கு நீங்க சொல்லிக்குடுங்க. நான் குறுக்கே நிக்கமாட்டேன்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆம்பிளைப் பிள்ளையா இருந்தா மாவ்பியில ஷின்பியு பண்ணணும். நீங்க குறுக்கே நிக்கக்கூடாது" என்றார். ஷின்பியு என்பது பையனுக்குச் சின்ன வயசில் சில நாள் காவி உடுத்தி மடத்தில் விடுகிற சடங்கு. பெற்றவர்களைக் கேட்காமல் நாம் எப்படி முடிவு செய்வது என்றேன். அவர்களைக் கேட்பது அப்புறம், உங்களுக்குச் சம்மதமா என்றார்.

"பட்டுப்புடவை கட்டிக்கிட்டு முன்வரிசையில வந்து நிக்கிறேன்" என்றேன்.

இறங்கும்போது அடிவாரத்தில், திபெத்தின் முதல் வயல் இதுதான் என்று தாஷி ஒன்றைக் காட்டினார். இங்கிருந்து பிடி மண் எடுத்துப்போய்த் தங்கள் நிலத்தில் தூவிய பிறகே பக்கத்து ஊர்க்காரர்கள் விதைப்பார்களாம். அங்கே டோ மியாவைப் பிடிக்க முடியவில்லை. வரப்பில் இறங்கி, மண்ணை விரலில் நெருடி, பார்லிப் பயிரைத் தடவி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அறுப்பு எப்போது, பூச்சிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குதிரைக்காரப் பெண் பதில் சொல்ல, அது இரண்டு மொழி தாண்டி அவரிடம் போய்ச் சேர்ந்தது. பத்துமணிப் பஸ்ஸை எங்களுக்காகக் கால்மணி நேரம் நிறுத்திவைத்தார்கள்.

லாசாவில் மூன்று நாள் இருந்தோம். பொட்டாலா அரண்மனையைப் பார்த்தோம், மலைத்துப்போனோம். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மே, ஜூன் நல்ல மாதங்கள், யாங்கோன் மழைக்கும் தப்பிக்கலாம். கம்பளி கட்டாயம், வெயிலுக்குத் தொப்பியும் வேண்டும். முதல் நாள் குளிக்காதீர்கள், நான் பட்டது போதும். தலைவலி குறையாமல் கூடிக்கொண்டே போனால் சகித்துக்கொண்டு இருக்காமல் உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் இருதயக் கோளாறு உள்ளவர்களும் போகவேண்டாம். சைவக்காரர்கள் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுபோங்கள், சோறு எங்கும் கிடைக்கிறது. யும்புலாகாங்கைக் காலையில் முதல் ஆளாகப் போய்ப் பாருங்கள். கூட்டம் வருவதற்கு முன் அந்த மேல்தளத்தில் உட்கார்ந்து எழுந்தால், செய்த செலவு பெரிதாகத் தெரியாது.

அக்டோபரில் சூ சூவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாங்கள் அவ்வளவு பேசி முடிவு செய்த சடங்குக்கு வேலையில்லாமல் போயிற்று. போன மாதம் குழந்தைக்கு எங்கள் வீட்டில் காது குத்தினோம். டோ மியா இரண்டு நாள் முன்னதாகவே மூட்டைமுடிச்சோடு வந்து இறங்கிவிட்டார். நம் வழக்கத்தில் இதை எப்படிச் செய்வோம், யார் என்ன கொண்டுவரவேண்டும் என்று கேட்டுக் கேட்டு என்னைத் துளைத்துவிட்டார். அவர் மகன் கோ சோ, மாவ்பியில் டிராக்டர் ஓட்டுகிறவர், வெள்ளைச் சட்டையும் புது லுங்கியுமாகக் கூச்சப்பட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார். எல்லாம் தயாரானதும் ஆசாரி தலையை நிமிர்த்தி, தாய்மாமன் எங்கே, வந்து பிள்ளையை மடியில் வைங்க என்று தமிழில் சொன்னார். நான் பர்மியத்தில் சொல்ல வாயெடுப்பதற்குள் டோ மியா மகனின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார்.

"போ, தாய்மாமன்" என்றார். அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில்.